ஆளோலையும் தேசவழமையும்: யாழ்ப்பாணத்து அடிமைமுறை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

அடிமைமுறை என்றதும் எமது வாசகரின் மனக்கண்ணில் முதலில் எழுவன அத்திலாந்திக் சமுத்திரமும் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுமே. எரிக் வில்லியம்ஸ் 1944இல் வெளியிட்ட ‘முதலாளித்துவமும் அடிமைமுறையும்’ என்ற நூல் பிரித்தானியக் கைத்தொழில் மூலதனத்துக்கும் ஆபிரிக்க அடிமைகளின் உழைப்புக்கும் இடையே நிலவிய உறவை ஆராய்ந்தது. அதற்கு ஆறாண்டுகள் முன்னதாக, 1938இல், சி. எல். ஆர். ஜேம்ஸ் ஹெயிட்டித் தீவின் அடிமைகள் நடத்திய புரட்சியை வரலாற்றின் மையத்தில் நிறுத்தி எழுதினார். முற்போக்குக் கருத்தரங்குகளில் இவ்விரு பெயர்களும் அடிக்கடி ஒலிக்கின்றன. அது வேண்டியதே. ஆயினும் 1844 என்னும் ஆண்டு எதைக் குறிக்கின்றது என எமது பட்டதாரி மாணவரிடையே வினவினால் விடை கூறக்கூடியோர் மிகச் சிலராகவே இருப்பர்.

அவ்வாண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமே இலங்கையில் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது. பிரித்தானியப் பாராளுமன்றம் 1833இல் நிறைவேற்றிய புகழ்பெற்ற அடிமை ஒழிப்புச் சட்டம் இலங்கைக்குச் செல்லுபடியாகவில்லை. கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்புலங்களும் இலங்கையும் சென் ஹெலனாத் தீவும் அதன் எல்லைக்கு வெளியே வெளிப்படையாகவே நிறுத்தப்பட்டிருந்தன. 1833ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகளின் உரிமையாளருக்கு 2 கோடி பவுண் இழப்பீடு வழங்கியது என்பதும், அடிமைகளாயிருந்தோருக்கு ஒரு சதமேனும் வழங்கவில்லை என்பதும் பலரும் அறிந்த செய்திகள். அச்சட்டத்துக்குப் பின்னரும் பதினொரு ஆண்டுகள் மனிதரை மனிதர் உடைமையாகக் கொள்வதற்குச் சட்டம் இடமளித்த நாடுகளுள் எமதும் ஒன்று என்ற செய்தியோ எமது பாடநூல்களில் இடம்பெறுவதில்லை. இந்த மறதி தற்செயலானதன்று என்பதே எமது கருத்து. அது எவ்வாறு உருவாயிற்று என்பதைச் சில நூல்களையும் சாசனங்களையும் மீளப் படிப்பதன் வாயிலாக நோக்குவோம்.

முதலில் ஒரு சொற்றொடர். யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் ‘அடிமை குடிமை’ என்று ஓர் இணைமொழி உண்டு. பெருங்குடும்பங்களின் பழைமையைச் சொல்லும் ஊர்க்கதைகளில் முன்னோர் ‘அடிமை குடிமைகளோடு வந்து குடியேறினர்’ என்னும் கூற்று மீண்டும் மீண்டும் வருவதைக் கேட்டிருக்கிறோம். இவ்விரண்டும் ஒன்றல்ல. குடிமை என்பது அம்பட்டர், வண்ணார் முதலியோர் தமது தொழிலை ஊரவர்க்குச் செய்து, அதற்குரிய பங்கைப் பெறும் உறவு. அடிமை என்பது உடைமை உறவு. ‘சிறை’ என்ற சொல்லும் எமது நாட்டு வழக்கில் அடிமையைக் குறித்து நின்றது. ஆயினும் இணைமொழியில் இரண்டும் ஒட்டிக்கொண்ட பின்னர், அடிமையும் ஒரு வகைக் குடிமையே, ஊர்ச் சேவையின் ஒரு பிரிவே என்ற மயக்கம் எளிதாகத் தோன்றிவிடுகின்றது. எமது சமூக வரலாற்றைப் பற்றி எழுதுவோர் பலர் இன்றுவரை இம்மயக்கத்திலிருந்து முற்றாக மீளவில்லை. ‘சாதிவழக்கம்’, ‘தொழிற்பிரிவு’, ‘குடிமைமுறை’ என்றெல்லாம் எழுதும் பேனா ‘உடைமை’ என்று எழுதத் தயங்குகின்றது.

யாழ்ப்பாண வரலாற்றின் முன்னோடிகளை இதற்காகக் குறைகூறுவது ஓரளவுக்கே நியாயமாகும். முதலியார் செ. இராசநாயகத்தின் ஆங்கில நூல் 1926இலும், சுவாமி ஞானப்பிரகாசரின் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ 1928இலும் வெளிவந்தன. அவர்கள் காலத்துப் பிரச்சினை எமக்கு ஓர் அரசு இருந்ததா, அதன் மன்னர் யாவர், அவர்களின் ஆட்சியாண்டுகள் எவை என்பது. அவ்வினாக்களுக்கு அவர்கள் உழைத்த உழைப்பின்மீதே நாம் இன்றும் நிற்கிறோம். எனினும் மன்னர் வரிசையை நிறுவுவதே வரலாறு என்ற நோக்கு நிலைபெற்றதும், வயலில் நின்றவன் யாருக்குரியவனாய் நின்றான் என்ற வினா எழாமலே போயிற்று.

இலக்கியத்தைப் பொறுத்தவரை நிலைமை இதனினும் நூதனமானது. எமது வீடுகளிற் பக்தியோடு படிக்கப்பட்டு வந்த பெரியபுராணத்தின் தொடக்கத்திலேயே ஓர் அடிமை வழக்கு இருக்கின்றது. தடுத்தாட்கொண்ட புராணத்தைச் சட்ட மாணவனின் கண்கொண்டு படித்தால் வியப்பு மேலிடும். ஆரூரரின் திருமணப் பந்தலுக்குள் ஒரு முதிய வேதியர் நுழைகிறார். மணமகன் தமக்கு வழியடிமை என்கிறார். அந்தணர் அந்தணருக்கு அடிமையாதல் உண்டோ என்பது ஆரூரரின் எதிர்வினா. முதியவர் காட்டிய ஓலையை அவர் பறித்துக் கிழித்தெறிகின்றார். அது படியோலை, மூலவோலை வேறுண்டு என முதியவர் கூற, வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கின்றது. அங்கே மூலவோலை வாசிக்கப்படுகின்றது. பாட்டனார் தம்மையும் தம் மரபில் வருவோரையும் அடிமையாக எழுதிக்கொடுத்தமை அதில் உள்ளது. பாட்டனாரின் வேறொரு கையெழுத்தைக் கொணர்ந்து ஒப்புநோக்கிய பின்னரே அவையோர் தீர்ப்புச் சொல்கின்றனர்.

படியும் மூலமும், சாட்சிக் கையெழுத்து, எழுத்து ஒப்பீடு, அவைத் தீர்ப்பு, பிறவாத சந்ததியையும் பிணிக்கும் வாசகம் என ஓர் அடிமை உறுதியின் நடைமுறை முழுவதும் இங்கே இருக்கின்றது. சேக்கிழார் இதனைக் கற்பனையினின்று படைத்தாரல்லர். 12ஆம் நூற்றாண்டின் வாசகர் இந்நடைமுறையை நன்கறிந்திருந்தமையாலேயே இறைவன் விளையாட்டு அவர்களுக்குச் சுவைத்தது. அடிமை என்ற சொல் பக்தியில் இனிமை பெற்றமைக்கு உலகியலில் அச்சொல் சுட்டிய கொடுமை எங்கும் தெரிந்திருந்தமையே காரணம். யாரும் அறியாத உறவு எவருக்கும் உருவகமாகாது.

ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டது 1852இல். அப்போது யாழ்ப்பாணத்தில் அடிமைமுறை சட்டப்படி நீங்கி எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அடிமை உறுதிகள் சில வீட்டுப் பெட்டகங்களில் இன்னும் கிடந்திருக்கக்கூடிய காலம் அது. ஆளோலைக் கதையைத் திண்ணையில் இருந்து வாசிக்கக் கேட்டவர்களுள் ஒருவராயினும் தம் வீட்டு ஓலையை நினைத்திருக்க மாட்டாரா? முற்றத்துக்கு அப்பால் நின்று கேட்டவர் எவரேனும் இருந்தால் அவர் எதை நினைத்திருப்பார்? எமது இலக்கிய விமர்சனம் இவ்வினாவை இன்னும் எழுப்பவில்லை.

சேக்கிழாரின் சான்றைச் சாசனங்களும் உறுதிப்படுத்துகின்றன. சோழர் காலத்துத் தஞ்சைப் பகுதிச் சாசனங்களில் ‘ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு’ என்ற பெயரில் மனிதரை விற்கும் உறுதிகள் காணப்படுகின்றன. திருப்பாம்புரத்துச் சாசனம் ஒன்று குறிப்பாக நோக்கத்தக்கது. 1201இல், பஞ்சத்தின்போது, ஒரு வேளாளரும் அவர்தம் மகளிர் இருவரும் பட்டினியினின்று தப்புவதற்காக 110 காசுக்குத் தம்மைக் கோயிலுக்கு விற்றுக்கொண்ட செய்தியை அது தருகின்றது. தம்மை விற்றவர் வேளாளர் என்பதை மீண்டும் வாசிக்குமாறு வேண்டுகிறோம். அக்காலத்தில் அடிமைத்தனம் கடனாலும் பஞ்சத்தாலும் கொடையாலும் ஒருவர்மீது வந்து வீழும் நிலையாயிருந்தது. தாழ்த்தப்பட்டோர்மீது அது கூடுதலாக வீழ்ந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அடிமை என்பதும் ஒரு குறித்த சாதி என்பதும் அங்கே ஒன்றாகிவிடவில்லை.

ஐந்து நூற்றாண்டுகள் கழித்து யாழ்ப்பாணத்துத் தேசவழமையைப் புரட்டும்போது காட்சி மாறிவிடுகின்றது.

இடையில் நிகழ்ந்தது என்ன என்பதற்கு ஒல்லாந்தர் காலத்துக்குச் செல்லவேண்டும். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி இந்து சமுத்திரத்தில் மிளகும் கறுவாவும் மட்டும் ஏற்றிச் செல்லவில்லை. சோழமண்டலக் கரையில் போரும் பஞ்சமும் நேர்ந்தபோதெல்லாம் கப்பல்கள் மனிதரையும் ஏற்றின. 1659ஆம் ஆண்டுமுதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பீஜப்பூர்ப் படைகளால் தஞ்சை நாடு பாழ்பட்டிருந்த வேளையில் ஆயிரக்கணக்கானோர் விலைக்கு வாங்கப்பட்டு, பெரும்பாலும் இலங்கைக்கும், ஒரு பகுதியினர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டனர். மீண்டும் 1694 முதல் 1696 வரையிலான ஆண்டுகளில் 3,500க்கு மேற்பட்டோர் தஞ்சைக் கரையிலிருந்து இங்கு கொணரப்பட்டனர். இம்முறை அவர்களை வாங்கியோர் தனியார். கம்பனி வரி வாங்கிக்கொண்டது. யாழ்ப்பாணத்துக் கொம்மாந்தராயிருந்த ஹென்றிக் சுவார்டெக்ரூன் 1697இல் எழுதிவைத்த நிருவாகக் குறிப்பில் அடிமைகளின் இவ்வருகை பேசப்படுகின்றது. ஒல்லாந்தர் ஆட்சியில் வேளாளப் பெருங்குடியினர் நிலத்தையும் பதவியையும் பெருக்கிக்கொண்ட முறையைப் பேராசிரியர் சி. அரசரத்தினம் தமது ஆய்வுகளில் விளக்கியுள்ளார். நிலம் பெருகும்போது அதில் உழைக்கும் ஆளும் பெருக வேண்டும் அல்லவா?

பஞ்சத்துக்குத் தப்பிக் கரையேறிய அந்த ஆயிரக்கணக்கானோர் பின்னர் எங்கே போயினர்? தஞ்சை அடிமைகள் என்று ஒரு தனிச் சமூகம் யாழ்ப்பாணத்தில் இல்லை. அவர்கள் அனைவரும் ஒரே குலத்தவராயிருந்திருப்பர் என்று கொள்வதற்கும் இல்லை. பஞ்சம் குலம் பார்ப்பதில்லை என்பதற்குத் திருப்பாம்புரமே சான்று. இங்கு ஏற்கெனவே அடிமை நிலையில் வைக்கப்பட்டிருந்த சாதிகளுக்குள் அவர்கள் கரைந்தனர் என்றே கருத வேண்டியுள்ளது. அவ்வாறாயின், ‘ஆதிதொட்டு இவர்கள் இன்ன தொழிலுக்கென்றே பிறந்தவர்கள்’ என்று நாம் கேட்டு வளர்ந்த கதையின் அடியிலே கடலும் கப்பலும் சுங்க வரியும் கிடக்கின்றன.

இத்தகைய சூழலிலேதான் தேசவழமை எழுதப்பட்டது. தேசாதிபதி சைமன்ஸின் பணிப்பின்பேரில், நெடுங்காலம் யாழ்ப்பாணத்தில் சேவையாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அதனைத் தொகுத்து 1707இல் ஒப்படைத்தார். அது தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரின் பார்வைக்கு வைக்கப்பட்டு, அவர்களின் ஒப்புதலைப் பெற்றது. எமது சட்ட வரலாற்றாசிரியர் இப்பன்னிருவரின் ஒப்புதலைத் தேசவழமையின் நம்பகத்தன்மைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். நாம் அதனை வேறொன்றுக்குச் சான்றாகக் கொள்கிறோம். அடிமை உடைய வகுப்பினரே அடிமைகளைப் பற்றிய வழமை இதுவென உறுதிசெய்தனர். வழமை எது என்று அடிமை எவரிடமும் கேட்கப்படவில்லை. ஒரு சமூகத்தின் வழமை என்று நாம் அழைப்பது அச்சமூகத்தில் எழுத்தறிவும் அதிகாரமும் பெற்ற பன்னிருவரின் ஞாபகமே என்பதைத் தேசவழமையைப் போல் வெளிப்படையாகக் காட்டும் நூல் பிறிதொன்று இல்லை.

அந்நூலில் அடிமை ஆண்களையும் பெண்களையும் பற்றித் தனிப்பகுதி ஒன்று உண்டு. அதனை மட்டும் எடுத்துப் படிப்போர் அடிமைமுறையை ஒரு தனி விடயமாக, வேண்டின் வெட்டி அகற்றக்கூடிய ஓர் உறுப்பாக எண்ணக்கூடும். நூலை முழுமையாகப் படித்தால் உண்மை வேறு. சீதனத்தைப் பேசும் இடத்திலும் அடிமைகள் வருகின்றனர். ஈடு வைப்பதைப் பேசும் இடத்திலும் விற்பனையைப் பேசும் இடத்திலும் நிலம், தோட்டம் முதலியவற்றின் வரிசையில் அவர்கள் நிற்கின்றனர். அடிமை இன்றிச் சீதனம் முழுமையுறாத சமூகம் ஒன்று தன் உடைமைச் சட்டத்தை எழுதியபோது எழுந்த நூல் இது.

தனிப்பகுதி நான்கு பெயர்களைத் தருகின்றது: கோவியர், சாண்டார், பள்ளர், நளவர். நான்கும் சாதிப் பெயர்கள். கடனால் அடிமையானோர், பஞ்சத்தில் விலைபோனோர், கரைகடந்து வந்தோர் என்ற பாகுபாடுகளெல்லாம் பின்தள்ளப்பட்டு, அடிமை இன்னார் என்பது சாதியால் அறியப்படுகின்றது. பிள்ளை தாயின் நிலையைத் தொடரும் என்ற விதி இதற்குத் துணையாகின்றது. ஓர் அடிமைப் பெண்ணின் பிள்ளைகள் அவளின் உடையவனுக்கே உரியர். தந்தை எவராயினும் ஆகுக. அத்திலாந்திக்கின் மறுகரையில் வேர்ஜீனியாவின் சட்டமன்றம் 1662இல் இதே விதியைச் சட்டமாக்கியிருந்தது என்பதை இங்கு நினைவூட்ட விரும்புகிறோம். ஒன்றையொன்று அறியாத இரு சமூகங்கள் ஒரே விதிக்கு வந்துசேர்ந்தன. உடைமையைப் பெருக்க விரும்பும் உடையவனுக்கு அதைவிட இலகுவான விதி வேறு இல்லை. விடுதலை செய்வதாயின் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து தேவாலயத்தில் அதனை அறிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு ஒல்லாந்தரின் கைவண்ணத்தைக் காட்டுகின்றது. காணி விற்பனையில் உரிமை கோருவோருக்கு அவகாசம் அளிப்பது போலவே இதுவும்.

எமது அறிஞரிடையே நிலவும் இரண்டு ஆறுதல்களை இங்கே சுட்டிச்செல்வது தகும். அடிமைமுறை ஒல்லாந்தர் புகுத்தியது, எம்முடையதன்று என்பது ஒன்று. ஆளோலையும் இசைவுத் தீட்டும் இதற்குப் போதிய மறுப்பாகும். எமது அடிமைமுறை குடும்ப உறவு போன்றது, அமெரிக்கத் தோட்டத்துக் கசையடி இங்கில்லை என்பது மற்றொன்று. குடும்பத்தில் ஒருவராகக் கருதப்பட்டவரைச் சீதன ஓலையில் எருதுக்கும் காணிக்கும் இடையே எழுதும் வழக்கத்தை இவ்வாதம் எவ்வாறு விளக்கும் என்பதை நாம் அறியோம். அடித்தார்களா, அன்புடன் நடத்தினார்களா என்பது உடையவனின் குணத்தைப் பற்றிய வினா. அடிமைமுறை குணத்தைப் பற்றியதன்று.

பிரித்தானியர் தேசவழமைக்கு 1806இல் சட்ட அங்கீகாரம் அளித்தனர். அடிமைகள் பற்றிய பகுதியும் அதனுடன் சேர்ந்தே அங்கீகாரம் பெற்றது. அதன் பின்னரான நாற்பதாண்டுக் காலம் தயக்கத்தின் வரலாறு. பிரதம நீதியரசர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரனின் தூண்டுதலால் அடிமை உடையோர் பலர் 1816 ஓகஸ்ட் 12க்குப் பின்னர் பிறக்கும் பிள்ளைகளைச் சுதந்திரராக விட இணங்கினர். 1818இல் அடிமைகளைப் பதிவு செய்வதற்கான பிரமாணம் வந்தது. 1821இன் ஏற்பாடு யாழ்ப்பாணத்துக்கெனவே செய்யப்பட்டது. கோவியர், நளவர், பள்ளர் அடிமைகளுக்குப் பிறக்கும் பெண்மகவுகளை அரசாங்கம் உடையவருக்குப் பணம் கொடுத்துப் பிறப்பிலேயே மீட்கும் என்பது அதன் சாரம். ஏன் பெண் பிள்ளைகளை மட்டும்? தாயின் நிலையைப் பிள்ளை தொடரும் என்ற தேசவழமை விதியைக் கொண்டே தேசவழமை அடிமைமுறையை முடிக்கும் உபாயம் இது. தாய் சுதந்திரையாயின் அவள் பிள்ளைகளும் சுதந்திரர். கூர்மையான உபாயமே. ஆனால் அதே ஆண்டில் அதே குடிசையில் பிறந்த தமையன் அடிமையாகவே இருந்தான். மீட்கப்பட்ட குழந்தையை வளர்த்த தாயும் அடிமையாகவே இருந்தாள். சுதந்திரை என்று பெயர்பெற்ற பெண்குழந்தை எவர் காணியிலிருந்த குடிசையில் வளர்ந்தது என்பதைப் பிரமாணம் கேட்கவில்லை.

1844ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைக் கேட்கவில்லை. எமது விமர்சனத்தின் மையம் இதுவே. 1707இன் நூல் அடிமையைச் சாதியாக எழுதிவைத்தது. 1844இன் சட்டம் அடிமையை நீக்கிற்று, சாதி எஞ்சியது. விடுதலை பெற்றோர் குடியிருந்த நிலம் பழைய உடையவரின் நிலம். அவர்கள் ஏறிய பனை அவருடையது. நீர் அள்ள வேண்டிய கிணறும் அவருடையதே. அவர்களுக்கு ஒரு பரப்புக் காணியேனும் அளிக்கும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

காணி வாங்குவதற்கும் வழி எளிதாயிருக்கவில்லை. தேசவழமையில் முற்கொள்வனவு உரிமை என்று ஒன்று உண்டு. காணியை விற்க விரும்புவோர் முதலில் உரித்தாளருக்கும், பங்காளருக்கும், அயற்காணிக்காரருள் அதனை ஈடாகக் கொண்டிருப்போருக்கும் அறிவித்து, அவர்கள் வேண்டாதவிடத்தே பிறருக்கு விற்கலாம். குடும்ப நிலம் சிதறாமற் காக்கும் நல்லேற்பாடு என்று இது பாராட்டப்படுவதுண்டு. 1947இல் இதற்கெனத் தனிக் கட்டளைச்சட்டமும் இயற்றப்பட்டது. நேற்றுவரை தாமே உடைமையாயிருந்தோர் உரித்தாளருமல்லர், பங்காளருமல்லர், ஈடு பிடிக்கும் பணமுடையோருமல்லர். ஆகவே விற்பனைக்கு வரும் ஒவ்வொரு காணித் துண்டின் வாசலிலும் அவர்கள் கடைசி வரிசையிலேயே நிற்கவேண்டியிருந்தது. அடிமைப் பகுதி நீக்கப்பட்ட பின்னரும் அதனருகேயுள்ள பகுதி அதன் வேலையை அமைதியாகச் செய்துகொண்டிருந்தது எனலாம்.

இனி, சட்டத்தின் பிடி தளர்ந்த இடத்தில் உடையவனுக்கு உதவியது தீட்டு. இங்கே கோவியரின் வரலாறும் நளவர், பள்ளரின் வரலாறும் பிரிவது கூர்ந்து நோக்கத்தக்கது. தேசவழமையின் முன் இவர்கள் யாவரும் அடிமைகளே. ஆயின் கோவியர் வீட்டினுட் சேவைக்குரியோர், தீண்டத்தக்கோர், ஆலயத்தினுள் செல்லக்கூடியோர். ஏனையோர் தீண்டாமைக்குள் நிறுத்தப்பட்டோர். 1844க்குப் பின்னர், தீட்டின் கோட்டுக்கு இப்பால் நின்ற சமூகம் மெல்ல மெல்லத் தன்னை மீட்டுக்கொள்ள முடிந்தது. கோட்டுக்கு அப்பால் நின்றோருக்கு அவ்வாய்ப்பு மறுக்கப்பட்டது. அடிமைத்தனமும் தீண்டாமையும் தோற்றத்தில் வேறுவேறானவை என்பதும், ஒன்று ஒழிந்தபோது அதன் காரியத்தை மற்றது ஏற்றுக்கொண்டது என்பதும் இவ்வேறுபாட்டால் தெளிவாகின்றன. முன்னர் உழைப்பாளியை வயலோடு கட்டிவைத்தது ஓலை. பின்னர் அவன் சட்டை அணியலாமா, நகை பூணலாமா, பிணத்தை எவ்வழியாகக் கொண்டு செல்லலாம், பாடசாலை வாங்கில் இருக்கலாமா, நிலத்திலா என்ற கட்டுப்பாடுகள் அக்காரியத்தைச் செய்தன. இவையெல்லாம் சுதந்திர மனிதனின் அடையாளங்களைப் பற்றிய கட்டுப்பாடுகள் என்பது தற்செயலா?

இருபதாம் நூற்றாண்டின் போராட்டங்களை இப்பின்னணியில் வைத்தே படிக்கவேண்டும். 1929, 1930ஆம் ஆண்டுகளை ஒட்டிப் பாடசாலைகளில் சம ஆசனம் நடைமுறைக்கு வந்தபோது சில பாடசாலைகள் எரியூட்டப்பட்டன. ஒரு வாங்கிலே ஒன்றாக அமர்வது இத்துணைச் சினத்தை ஏன் எழுப்பவேண்டும்? யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் இளைஞர் சமபோசனத்துக்கும் சம ஆசனத்துக்கும் குரல்கொடுத்த அதே காலத்தில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். 1931இல் அது கிடைத்தபோது அடிமை ஒழிப்புக்கு 87 ஆண்டுகள் ஆகியிருந்தன. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்த ஊர்வலமும், அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடைப் போராட்டங்களும், 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் எமது வாசகர் நன்கறிந்தவை. மாவிட்டபுரத்தில் தடுத்து நின்றோருள் ஒருவரான முன்னாள் அமைச்சர் மேற்படி சட்டத்தின்கீழ்க் குற்றவாளியாகக் காணப்பட்டு, பிரிவிக் கவுன்சில்வரை மேன்முறையீடு செய்து தோற்றார். ஆலயப் பிரவேசத்தை மறுத்தோர் அன்று தம் பக்கத்துக்குத் துணையாக அழைத்தது வழமையைத்தான். 1707இல் பன்னிருவர் உறுதிசெய்த அதே சொல்.

இலக்கியத்தில் இதனைப் பேசத் துணிந்தவர் கே. டானியல். தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தில் தாமே நின்று உழைத்தவர் அவர். ‘பஞ்சமர்’ 1972இல் வெளிவந்தபோது எழுந்த விமர்சனங்களை நாம் மறக்கவில்லை. கலைத்தன்மை குறைவு, பாத்திரங்கள் கருத்துகளின் ஊதுகுழல்கள், பேச்சுமொழி மிகை என்றனர். இவற்றுள் சிலவற்றில் உண்மை இல்லாமலில்லை. தகவல் மிகுதியால் கதையோட்டம் தடைப்படும் இடங்களை யாமும் கண்டுள்ளோம். ஆயினும் அவ்விமர்சகர் கவனியாது விட்டதொன்று உண்டு. சட்டப்படி அடிமைமுறை நீங்கிய பின்னரான காலத்தைக் களமாகக் கொண்ட நாவல் ஒன்றுக்கு 1984இல் அவர் ‘அடிமைகள்’ என்று பெயரிட்டார். அது மிகைப்படக் கூறலன்று. எமது வரலாற்றாசிரியர் குடிமை என்று எழுதிய இடத்தில் நாவலாசிரியர் ஒருவர் சரியான சொல்லை வைத்தார். ‘நயினார்’ என்று அழைக்கும் குரல் அவருடைய பாத்திரங்களின் தொண்டையிலிருந்து எழும் விதத்தைக் கூர்ந்து கேட்போருக்கு, 1844க்கு முன்னும் பின்னும் அக்குரலில் மாற்றமில்லை என்பது விளங்கும்.

அவர்மீது எமக்குள்ள குறை வேறானது. அவர் காட்டும் கொடுமை பெரிதும் உடையவரின் கொடுமை. அதற்குப் பின்னால் நிற்கும் தோம்பு, உறுதி, கச்சேரி, நீதிமன்று என்ற அமைப்பு அவருடைய களத்தில் அரிதாகவே தெரிகின்றது. அதனால் வாசகர் ஒரு கொடிய நயினாரை வெறுத்துவிட்டு, தம் வீட்டுக் காணி உறுதியை எவ்விதச் சஞ்சலமுமின்றிப் பெட்டகத்துள் வைத்துக்கொள்ள முடிகின்றது. இக்குறை நாவலாசிரியருக்கு மட்டும் உரியதன்று. அவருக்கு வேண்டிய வரலாற்றை எழுதிக்கொடுக்க வேண்டியவர்கள் பல்கலைக்கழகங்களில் இருந்தோம், எழுதவில்லை. நிரா விக்கிரமசிங்க 2020இல் வெளியிட்ட, ‘பல்லக்கில் ஓர் அடிமை’ எனப் பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூல் இலங்கையின் அடிமைமுறையை ஆவணங்களின் துணைகொண்டு ஆராய்கின்றது. யாழ்ப்பாணமும் அதில் இடம்பெறுகின்றது. தமிழில் அவ்வளவில் ஒரு நூல் எழவில்லை.

போரும் இடப்பெயர்வும் எல்லோரையும் சமமாக்கிவிட்டன என்று சிலர் சொல்வதுண்டு. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் பெயர்ந்தபோது எல்லாச் சாதியினரும் பெயர்ந்தனர் என்பது உண்மையே. ஆண்டுகள் சென்றதும் முகாம்களைவிட்டு முதலில் வெளியேறியோர் வேறிடத்தில் காணி உடையோரும், காணி உடைய உறவினரைக் கொண்டோரும் ஆவர். போர் 2009இல் முடிந்த பின்னரும் நலன்புரி நிலையங்களில் தங்கியிருந்தோருள் தாழ்த்தப்பட்ட சமூகத்தவர் மிகுதியாயிருந்ததை ஆய்வாளர் அவதானித்துள்ளனர். சென்றுசேர்வதற்கு ஒரு பரப்பு நிலம் அவர்களுக்கு இருக்கவில்லை.

தேசவழமை இன்றும் வடக்குத் தமிழரின் ஆதனங்களை ஆளும் சட்டமாக உள்ளது. சீதனமும் முதுசமும் தேடியதேட்டமும் நீதிமன்றுகளில் வாதிடப்படுகின்றன. அடிமைகள் பற்றிய பகுதி வழக்கொழிந்தது என்ற ஒருவரிக் குறிப்போடு கடக்கப்படுகின்றது. அப்பகுதியில் பெயர் குறிக்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள் எமது விரிவுரை மண்டபங்களில் அமர்ந்து அந்நூலைக் கற்கின்றனர். முதல் வாசிப்பில் அவர்கள் எந்தப் பக்கத்தில் நின்றுவிடுகின்றனர் என்பதை அவர்களிடம் நாம் இதுவரை கேட்டதில்லை.